பத்மராசாவுக்கு ஒரு கோது

பத்மராசாவின் பிடரியைப் பார்க்கப் பார்க்கச் சபேசனுக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. காதுமூடிப் பட்டிக்குக் கீழே இரண்டு மடிப்பு விழுந்த, நேற்றுத்தான் சலூனில் வழித்துவிட்ட பிடரி. கலியாணம் கட்டின நாளிலிருந்து இதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறான். கோயில் திருவிழாவில், பிறந்தநாள் மண்டபத்தில், மாமியின் செத்தவீட்டில், எல்லாரும் ஒரே காரில் போனால் முன் சீற்றில், எங்கே போனாலும் இந்தப் பிடரி முன்னுக்கும் சபேசனின் மூஞ்சி பின்னுக்குமாகவே இருக்கும். அக்காவைக் கட்டினவன் முன்னுக்கு, தங்கச்சியைக் கட்டினவன் பின்னுக்கு என்று எந்த மடையன் சட்டம் எழுதி வைத்தானோ தெரியாது. சகலன் என்றால் என்ன, இரத்தமும் இல்லை, சிநேகிதமும் இல்லை, ஒரே வீட்டில் பெண்ணெடுத்த குற்றத்துக்காக ஆயுள் முழுக்க ஒருத்தனை ஒருத்தன் சகிக்க வேண்டும், அவ்வளவுதான். வாயில் அண்ணை, நீங்கள், வாங்கோ, இருங்கோ. மனதுக்குள் அவன், இவன், இந்தப் பிடரி. ஆனால் இன்றைக்கு ஒரு வித்தியாசம். இன்றைக்குப் பிடரி சுடுமேசையில் குனிந்திருக்கிறது, அதற்கு முன்னால் ஒரு பெரிய துவக்கு, அந்தத் துவக்குக்குள் போகப்போகிற ரவை சபேசனின் கையில். ஜாக்கெற்றின் வலது பையில் உண்மை ரவைகள். இடது பையில் வெடிக்காத வெற்றுக் கோதுகள். எதை எடுத்துப் போடுகிறான் என்பது முன்னுக்கு இருக்கிறவனுக்குத் தெரியாது. பின்னுக்கு இருப்பதில் ஒரு லாபம் உண்டு என்று இத்தனை வருசத்தில் இன்றைக்குத்தான் கண்டுபிடித்தான்.

கல்கரி நகருக்கு வெளியே, மலைகளைப் பார்த்தபடி வெட்டவெளியில் கிடக்கிற சுடுதளம் இது. வேட்டைக்காலம் தொடங்கமுதல் ஒரு சனிக்கிழமை, டேல் என்ற துவக்குக் கடைக்காரக் கிழவன் தன் கடைச் சாமான்களைக் கொண்டுவந்து மேசைகளில் அடுக்கிவிடுவான். வாங்க நினைக்கிறவர்கள் சுட்டுப் பார்த்து எடுக்கலாம். இன்றைக்கு இவர்கள் மேசையில் மருந்து கூடின மக்னம் துவக்குகள் இரண்டு, 7 மில்லிமீற்றர் ஒன்று, 338 ஒன்று. இரண்டுக்கும் நடுவில் நிற்கிற 300 மக்னம் சபேசனிடம் ஏற்கெனவே இருக்கிறது, வீட்டு நிலவறையில் இரும்பு அலுமாரிக்குள். அதுதான் பிரச்சினை. அது போதாது, மேலே போக வேண்டும் என்பது சபேசனின் கட்சி. அதுவே அதிகம், கீழே இறங்க வேண்டும் என்பது பத்மராசாவின் கட்சி. 7 மில்லிமீற்றரிலிருந்து பறக்கிறது மெல்லிய நீளச் சன்னம், கோடு போட்ட மாதிரிப் போகும், தோளைப் பெரிதாக உதைக்காது. 300 எல்லாருக்கும் பொதுவானது, ஊரெல்லாம் வைத்திருக்கிறது. 338 என்றால் பாரமான சன்னம், தூரத்தில் காற்றுக்கு மசியாது, நானூறு மீற்றருக்கு அப்பாலும் போய் எலும்பை உடைக்கிற பலம் இருக்கும். ஒரு வருசமாகச் சபேசன் இதைத்தான் படித்தான். வேலைக்குப் போகிற ரயிலில், சாப்பாட்டு மேசையில், குளியலறையில்கூட. எந்தச் சன்னம் எந்தத் தூரத்தில் எவ்வளவு கீழே இறங்கும், பக்கக் காற்று எவ்வளவு தள்ளும், எவ்வளவு உதைக்கும். தன்னுடைய சாதகத்தைக்கூட இவ்வளவு நுணுக்கமாக ஒருத்தரும் பார்க்கவில்லை என்று அவன் மனைவி வதனி சொல்லிக் காட்டினாள். சொல்லட்டும். அவளுக்கு என்ன தெரியும். அவளுக்குத் தெரிந்ததெல்லாம் அக்கா புருசன், அந்த அத்தான். அத்தானைக் கேளுங்கோ, அத்தானுக்குத் தெரியும், அத்தான் முப்பது வருசமாக வேட்டைக்குப் போகிறார். அத்தான் வைத்திருப்பதோ மக்னமே இல்லாத ஒரு பழைய 30-06, கட்டை தேய்ந்து, வார் பிய்ந்து, பார்க்கவே பரிதாபம். அதை வைத்துக்கொண்டு இவன் அடுத்தவனுக்கு உபதேசம் பண்ணுகிறான். சின்னதாக ஒன்று எடும் ஐசே. சின்னதாக. அந்தச் சொல்லை அவன் சொல்லும்போது வாயைக் குவிக்கிற விதத்தைப் பார்த்தால் கன்னத்தில் ஒன்று விடலாம் போலிருக்கும்.

முதல் ரவையை வலது பையிலிருந்து எடுத்து 338-க்குள் போட்டான். உண்மை ரவை. போல்ட்டைத் தள்ளிப் பூட்டினான், பத்மராசாவின் தோளைத் தட்டினான், அதுதான் ஆயத்தம் என்பதற்குச் சைகை. பத்மராசா மூச்சை விட்டு, கொஞ்சம் நிறுத்தி, விசையை அழுத்தினான். வெடிச்சத்தம் காதுமூடியையும் தாண்டி நெஞ்செலும்பில் வந்து இடித்தது. துவக்கு பின்னுக்கு எழும்பி, பத்மராசாவின் பருத்த உடம்பு முழுவதும் ஒருமுறை அலைந்து அடங்கியது. சபேசன் அவனுடைய குழலை மட்டுமே பார்த்தான். வெடிக்கமுதல் குழல் அசைந்ததா? தெரியவில்லை. வெடி விழுந்தால் எல்லாம் அசைவுதான், எது முன்னுக்கு எது பின்னுக்கு என்று ஒருத்தனாலும் பிரிக்க முடியாது. அதற்குத்தானே கோது. வெடித்து முடிந்த வெற்றுக் கோதில் மருந்து போடாமல் சன்னத்தை மட்டும் செருகி வைத்திருப்பார்கள். பார்த்தால் உண்மை ரவை மாதிரியே இருக்கும். சுடுகிறவன் வெடிக்கும் என்று நினைத்து அழுத்துவான், டிக் என்று ஒரு சத்தம் மட்டும் வரும், அந்தக் கணத்தில் அவனுடைய பயம் அம்மணமாக வெளியே வந்து நிற்கும். உதைக்கப்போகிறது என்று பயந்தவன் உதையைத் தள்ளப் பார்ப்பான், தள்ளினால் குழல் கீழே குத்தும், சன்னம் கீழே போகும். பெரிய மக்னத்துக்கு ஏறப்போகிறவனைப் பின்னுக்கு ஒரு ஆளை நிற்பாட்டி இப்படிச் சோதித்துப் பார்ப்பது இங்கத்தைய கிழட்டு வேட்டைக்காரர்களின் வழக்கம். டேலிடம் கேட்டு வாங்கிப் பையில் போட்டவன் சபேசன்தான். இரண்டு பேரும் செய்வோம் அண்ணை, நீங்களும் நானும், ஒரே துவக்கில், என்றான். பத்மராசா மூக்கைச் சொறிந்தான். என்னத்துக்கு ஐசே இந்த விளையாட்டு என்றான். விளையாட்டாம். ஆளுக்கு நடுக்கம். மடியில் கனம் உள்ளவனுக்குத்தானே வழியில் நடுக்கம் வரும், அந்த மூக்கைச் சொறிந்த விரலிலேயே அது தெரிந்தது, எவ்வளவு நேரம் சொறிந்தான்.

போன வருசம் மான் வேட்டைக்கான குலுக்கலில் அனுமதி பத்மராசாவின் பெயரில் விழுந்தது, கூட்டாளியாகச் சபேசன் போனான். மரம் வெட்டி வெளியாக்கின ஒரு சரிவு, அந்திப்பட்டுக்கொண்டு வந்த நேரம், எதிர்ச்சரிவில் ஒரு ஆண் எல்க் மான் வெளியே வந்து நின்றது. கொம்பு இரண்டும் வானத்தில் எழுதின மாதிரி. தூரம் கூடிப்போச்சு, விடும், கிட்ட வரட்டும் என்று பத்மராசா முணுமுணுத்தான். தூரத்துக்கென்றுதானே மக்னம் வாங்குகிறது, பக்கத்தில் நின்று கொல்ல ஒரு அலவாங்குக் கம்பியே போதுமே, என்று சபேசன் நினைத்தான், சொல்லவில்லை. ஸ்கோப்பில் குறுக்குக்கோடு தோள்மூட்டுக்குப் பின்னால் சரியாக வந்து உட்கார்ந்தது. அது ஞாபகம் இருக்கிறது. மயிர் ஒவ்வொன்றும் தெரிந்தது. அதற்குப் பிறகு மான் மூன்று காலில் ஓடிக்கொண்டிருந்தது. அதுவும் ஞாபகம் இருக்கிறது. நடுவில் ஒன்றுமில்லை. உதைத்த உதையில் அப்படித்தான் ஆகும், எல்லாருக்கும் ஆகும். இரண்டு வெடி, கிட்டத்தட்ட ஒன்றுக்கு மேல் ஒன்று விழுந்த மாதிரி. முன்னங்கால் முழங்காலுக்குக் கீழே தோலில் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. ஓட ஓட அந்தக் கால் தனக்குச் சொந்தமில்லாத ஒன்றைப் போல அங்கும் இங்கும் அடித்தது. இருட்டும்வரை தேடினார்கள், அடுத்த நாளும் தேடினார்கள், புல்லில் தாழ்வாக, துளித் துளியாக இரத்தம், பிறகு அதுவும் இல்லை. அந்தத் துளிகள் முழுவதும் தாழ்வாகவே இருந்தன. சுட்டவன் கீழே சுட்டிருக்கிறான். யார் சுட்டவன்? இரண்டு பேர் சுட்டார்கள். ஒருத்தன் கண்ணில் தண்ணி வடிய, முழங்கால் நடுங்க நடக்கிற அறுபது வயதுக்காரன், கையில் ஓட்டைத் துவக்கு. மற்றவன் குறுக்குக்கோடு தோளில் இருந்ததைத் தன் கண்ணால் பார்த்தவன். இதில் கணக்குப் பார்க்க என்ன இருக்கிறது.

ஆனால் பத்மராசா என்ன செய்தான். ஒரு வருசமாக வீடு வீடாகப் போய், சபேசன்ர துவக்கு அவருக்குச் சரியில்லை, அந்த 300 கனக்க உதைக்கும், அதை மாத்தச் சொல்லி நானும் சொல்லுறன், துவக்குத்தான் பிழை, என்று பாடிக்கொண்டு திரிந்தான். வதனியின் மாமா வீட்டுப் புதுமனை புகுவிழாவில், சாப்பாட்டுத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, கோழிக்காலைக் கடித்துக்கொண்டு, பத்துப் பேருக்கு நடுவில் சொன்னான். மான் எப்படித் தப்பினது என்று யாரோ கேட்டார்கள், துவக்கு ஆளுக்குப் பொருந்தவில்லை என்றான், எல்லாரும் திரும்பிச் சபேசனைப் பார்த்தார்கள். நேரே இவன் சுட்டது என்று சொல்லியிருந்தால் நேரே பல்லை உடைத்திருக்கலாம். அப்படிச் சொல்லமாட்டான். துவக்கின் மேல் போடுகிற மாதிரிப் போட்டு, ஆளை நோகாமல் அறுக்கிறது. நயமான கத்தி. தன்னுடைய பிழையை அடுத்தவனின் துவக்கின் தலையில் கட்டிவிட்டு, கையையும் வாயையும் துடைத்துக்கொண்டு பாயாசம் குடித்தான். பாயாசம் இறங்குகிற தொண்டையைச் சபேசன் பார்த்துக்கொண்டே நின்றான். அன்றைக்கு முடிவெடுத்தான், 338 வாங்குகிறது என்று. எவ்வளவு உதைக்குமோ உதைக்கட்டும். அதைத் தோளில் வைத்து நின்று காட்டினால் பிறகு ஒருத்தனும் சின்னது என்று வாயைக் குவிக்கமாட்டான். இந்த வருசம் அனுமதி சபேசனின் பெயரில் விழுந்திருக்கிறது. கூட்டாளியாக ஒரு பெயரை அவன்தான் போட வேண்டும். அத்தானைப் போடுங்கோ, போன வருசம் அவர் உங்களைப் போட்டவரல்லோ என்று வதனி ஒரு மாதமாக ஒற்றைக்காலில் நிற்கிறாள். போடலாம். முதலில் கோதைப் போட்டுப் பார்ப்போம். குழல் நிலத்தைக் குத்தட்டும், டேல் பார்க்கட்டும், பக்கத்து மேசை வெள்ளையள் பார்க்கட்டும், பிறகு வதனிக்குச் சொல்லலாம், உம்மட அத்தானுக்குத் துவக்கென்றால் பயமாம், மானின் காலை உடைத்தது ஆரென்று தெரிஞ்சு போச்சு என்று.

இரண்டாவது உண்மை ரவை. தோளில் தட்டல், மூச்சு, வெடி. பிடரி ஆடினது. பயம்தானே. சத்தத்துக்குப் பயம் வராமல் என்ன செய்யும் இவனுக்கு. இவன் ஊரில் சண்டை தொடங்கமுதல், எண்பத்திரண்டிலேயே படிப்பு என்று சொல்லிக்கொண்டு விமானம் ஏறினவன். ஒரு செல்குண்டு விழுந்து கேட்டிருக்கிறானா. ஒரு பங்கருக்குள் தண்ணிப் பூச்சியோடு படுத்திருக்கிறானா. சபேசன் தொண்ணூற்றைந்து வரைக்கும் யாழ்ப்பாணத்தில் இருந்தவன். கோட்டைப் பக்கம் செல் கிளம்புகிற சத்தம் கேட்டால், அது எங்கே விழும் என்று எண்ணத் தெரியும். கிளம்புகிற சத்தம் மெல்லியது, டிம் என்று ஒரு குத்து, பிறகு ஒன்றும் இல்லை, அந்த ஒன்றுமில்லாததுக்குள்தான் எல்லாம். அம்மா வாயைத் திறந்து வைக்கச் சொல்லுவா, காதுச் சவ்வு கிழியாமல் இருக்க, நிலத்தோடு நிலமாக ஒட்டச் சொல்லுவா. பல்லுக்கிடையில் ஒரு தடியைக் கடித்துக்கொண்டு, முகத்தை மண்ணில் புதைத்து, கண்ணை இறுக்கி. விழுந்து வெடித்த பிறகு பயமில்லை. வெடித்தால் விழுந்தது வேறெங்கேயோ என்று அர்த்தம், தலையைத் தூக்கிச் சிரிக்கலாம், பெடியள் சிரித்துமிருக்கிறார்கள். அதற்குள் படுத்து எழும்பின உடம்பு இது. இந்த உடம்புக்கு ஒரு மான் துவக்கின் சத்தம் பெரிய விஷயமா. சத்தத்தை அறியாதவன்தான் சத்தத்துக்கு வெருளுவான். பத்மராசா புதுவருசத்து வாணவேடிக்கைக்கு மேல் வேறெதையும் கேட்காதவன். இந்த நியாயத்தைச் சபேசன் மனதுக்குள் பலமுறை சொல்லிப் பார்த்திருக்கிறான், எங்கேயும் ஓட்டை தெரியவில்லை. ஓட்டை இல்லையென்றால் ஏன் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்க்கிறான் என்பதை மட்டும் யோசிக்கவில்லை.

இப்போது இடது பை. விரல்கள் கோதைத் தொட்டன, குளிர்ந்து, கொஞ்சம் பாரம் குறைவாக. போட்டுப் பூட்டினான். பூட்டுகிற சத்தத்தில் வித்தியாசம் தெரிந்துவிடுமோ என்று பயந்து வேண்டுமென்றே இருமினான். டேல் பக்கத்தில் வந்து நிற்கிறான், நல்லது, நில்லு, வடிவாய்ப் பார். தோளில் தட்டினான். பத்மராசா மூச்சை விட்டான். எவ்வளவு நேரம் எடுக்கிறான், அழுத்தடா, அழுத்து. சபேசனின் கண் குழலின் நுனியை விட்டு அகலவில்லை. தூரத்தில் மலைகளில் புதுப்பனி வெள்ளைக் கோடாகக் கிடந்தது, அந்தக் கோட்டுக்குக் கீழே கறுத்த குழல் நுனி. டிக். குழல் அசையவில்லை. ஒரு மயிரளவும் அசையவில்லை. அம்மிக்கல் கிடக்கிற மாதிரிக் கிடந்தது. பத்மராசாவின் விரல் விசையில் பின்னுக்கு வந்து நின்றபடியே நிற்க, கண் ஸ்கோப்பில் திறந்தபடியே இருக்க, பிடரி மடிப்புக் கூடக் கலையவில்லை. பிறகு மெதுவாகத் தலையைத் தூக்கி, ஓ, கோதோ, என்றான், அவ்வளவுதான். டேல் அவனுடைய முதுகில் தட்டி, கல்லு மாதிரி இருக்கிறாய் என்று பாராட்டினான். சபேசன் இன்னொன்றைப் போட்டான், அதுவும் கோது. அதுவும் கல்லு. தற்செயல். வயது போனவன், உடம்பில் உணர்ச்சி இல்லை. துவக்குப் பாரம், மணல் மூட்டையில் புதைந்திருக்கிறது, எப்படி அசையும். தெரிந்துதான் சுட்டிருக்கிறான், நான் இருமினதைக் கேட்டிருக்கிறான். நூறு காரணம் வந்து வரிசையில் நின்றது, ஒவ்வொன்றையும் பிடித்துப் பார்த்தான், ஒவ்வொன்றும் கையில் வழுக்கியது. இவனுடைய குழல் அசையவில்லை என்றால். இரண்டு பேர்தானே சுட்டார்கள். அந்த இடத்துக்கு வந்ததும் யோசனை முட்டிக்கொண்டு நின்றது, பின்னுக்குப் போனது, திரும்பவும் குறுக்குக்கோட்டிலிருந்து தொடங்கியது, மயிர் ஒவ்வொன்றும் தெரிந்தது, பிறகு மான் மூன்று காலில், நடுவில்.

உங்கட முறை முடிஞ்சுது அண்ணை, எழும்புங்கோ, என்றான். வேண்டாம் ஐசே, எனக்குக் குளிருது, போவம், அந்த ஏழு மில்லிமீற்றரை எடும், வடிவான சாமான், என்றான் பத்மராசா. பார், பார், இப்போதும் அதே பல்லவி. சபேசன் துவக்குக்குப் பின்னால் உட்கார்ந்தான். இரண்டு பையிலிருந்ததையும் எடுத்துப் பத்மராசாவின் இரண்டு உள்ளங்கைகளில் வைத்தான், ஒன்றில் ரவைகள், ஒன்றில் கோதுகள். கட்டையின் கன்னப்பக்கம் பத்மராசாவின் சூட்டில் இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது, அதில் கன்னத்தை வைக்க அருவருத்தது. ஸ்கோப்புக்குள் கடதாசி இலக்கு, வெள்ளை, நடுவில் கறுப்பு வட்டம், காற்றில் ஒரு மூலை படபடத்தது. பின்னுக்கு மூச்சுச் சத்தம். இப்போது அவன் பின்னுக்கு, நான் முன்னுக்கு, என்னுடைய பிடரி அவனுக்குத் தெரிகிறது. பிடரியில் குளிர்காற்று பட்டு மயிர் கூச்செறிந்தது. என்ன போடுகிறான். எந்தக் கை. போல்ட் பூட்டியது. தோளில் தட்டு விழுந்தது, மெல்லிய தட்டு, பிள்ளையைத் தட்டுகிற மாதிரி, அதுவே ஒரு அவமானம். கோதுதான். முதலாவதாகவே கோது போட்டிருப்பான், அவசரக்காரன், பழிவாங்கப் பார்க்கிறான். கோதென்றால் அசையக்கூடாது, கல்லு, கல்லு மாதிரி. அழுத்தினான். உலகம் தோளில் வந்து மோதியது. உண்மை ரவை. தோள் எலும்பு எரிந்தது, மூக்குக்குள் மருந்து மணம் ஏறியது, பல்லு ஒன்றோடொன்று கடிபட்டிருந்ததை இப்போதுதான் கண்டான். அடுத்தது கோது, நிச்சயம். தட்டு. அழுத்தினான். உண்மை. திரும்ப எரிந்தது. மூன்றாவது. உண்மை. இலக்கில் எங்கே விழுகிறது என்று தெரியவில்லை, மூன்றும் கீழே மண்மேட்டில் தூசி கிளப்பின மாதிரி இருந்தது, டேல் தொலைநோக்கியைக் கீழே வைத்துவிட்டு வேறு மேசைக்குப் போய்விட்டான். ஏன் போனான். நாலாவது, இது கோதாகத்தான் இருக்க வேண்டும், வராமல் வைத்துக் கொல்லுகிறான், எப்போது விழும் என்று தெரியாமல், கிளம்பின சத்தம் கேட்டு இன்னும் விழாமல். உண்மை. ஐந்தாவதும் உண்மை. சபேசன் துவக்கை விட்டுவிட்டுத் திரும்பினான். பத்மராசாவின் வலது கை வெறுமையாக இருந்தது. இடது உள்ளங்கையில் கோதுகள் வைத்தபடியே இருந்தன, ஒன்றும் குறையவில்லை.

“ஏன் கோது போடேல்லை?”

“எனக்குப் பாக்கத் தேவையில்லை ஐசே.”

“எனக்குத் தேவை. நானும்தானே போட்டனான் உங்களுக்கு. போடுங்கோ.”

பத்மராசா காதுமூடியைக் கழற்றிக் கழுத்தில் விட்டான். சுற்றிப் பார்த்தான், பக்கத்தில் ஒருத்தரும் இல்லை. குரலைத் தாழ்த்தினான். “சபேசன், நான் போன வருசமே பாத்திட்டன். வெடிக்கமுதல் உம்மட குழல் நிலத்தைப் பாத்தது. நான் சுட்டது பிறகு, அது ஓடேக்க, முடிச்சு விடலாம் எண்டு. எனக்குப் படேல்லை.”

காற்று நின்ற மாதிரி இருந்தது, நிற்கவில்லை, இலக்குக் கடதாசி இன்னும் படபடத்துக்கொண்டுதான் இருந்தது. பொய். எங்கே இருந்து பார்த்தான். பக்கத்தில் இருந்து பார்த்தான். மானைப் பார்க்காமல் என்னைப் பார்த்தான். மானைப் பார்க்கிறவன் மானைப் பார்க்க வேண்டாமா, என்னை ஏன் பார்த்தான், வேவு. ஒரு வருசமாகத் தெரிந்துகொண்டே கோழிக்கால் கடித்தானா. பாயாசம் குடித்தானா. பத்துப் பேருக்கு நடுவில். “அப்ப ஏன் வீடு வீடாய்ப் போய்த் துவக்கில பழி போட்டனீங்கள்” என்று கேட்டான், கேட்கும்போதே பதில் எங்கேயோ வந்துகொண்டிருப்பது தெரிந்தது.

“துவக்குக்கு வெக்கம் இல்லைத்தானே” என்றான் பத்மராசா.

அடித்திருக்கலாம். இவன் அடித்திருந்தால் திருப்பி அடித்திருக்கலாம், அதற்கு ஒரு முறை உண்டு. இதற்கு என்ன செய்கிறது. ஒரு வருசமாக இவன் அறுக்கிறான் என்று நினைத்துக்கொண்டிருந்தான், இவனோ போர்த்திக்கொண்டிருந்திருக்கிறான், போர்த்தினவனை ஒரு வருசமாக மனதுக்குள் காறித் துப்பியிருக்கிறான். சின்னதாக ஒன்று எடும் என்றது உதையைக் குறைக்கச் சொன்னது. அந்தக் குவிந்த வாய் குத்தல் இல்லை, தயவு. ஐயோ, தயவு. இதற்கு அந்தக் கத்தியே பரவாயில்லை. இந்தப் பிடரியை வெறுக்க இவ்வளவு நாளும் ஒரு நல்ல காரணம் இருந்தது, இப்போது அதையும் பிடுங்கிவிட்டான். ஆனால் வெறுப்பு அப்படியே இருந்தது, காரணம் போன பிறகும் இருந்தது, முன்னையிலும் பார்க்கப் பெரிதாக, கால் வைக்க இடமில்லாமல் நெஞ்சுக்குள் நின்றது. இல்லை, எல்லாம் பொய். பார்த்தானாம். எவன் சொன்னாலும் என் கையை நான் நம்பவேண்டும். சபேசன் எட்டிப் பத்மராசாவின் உள்ளங்கையிலிருந்து ஒரு கோதைத் தானே எடுத்தான். தானே போட்டான். தானே பூட்டினான். இது கோது என்று எனக்குத் தெரியும். இது வெடிக்காது. இதற்குள் மருந்தில்லை. குலுக்கிப் பார்த்தேன், என் கையால் போட்டேன், உலகத்தில் எந்தச் சக்தியாலும் இதை வெடிக்க வைக்க முடியாது. கன்னத்தை வைத்தான், வட்டத்தைப் பிடித்தான், மூச்சை விட்டான், டிம் என்று எங்கேயோ ஒரு குத்து, அது பக்கத்து மேசைத் துவக்கு, தூரத்து மேசை, எதுவோ, விசையை அழுத்தினான்.

டிக்.

கண்ணைத் திறந்தான். திறக்க வேண்டியிருந்தது. திறந்தபோது ஸ்கோப்புக்குள் இலக்கு இல்லை, வட்டம் இல்லை, மண் தெரிந்தது, மேசைக்கு முன்னால் கிடக்கிற சரளைக்கல் ஒவ்வொன்றும் பெரிதாக, புகை மாதிரிக் கலங்கித் தெரிந்தது. வாய் திறந்திருந்தது. தோள் இரண்டும் காதுவரைக்கும் ஏறியிருந்தன, இறக்கப் பார்த்தான், உடனே இறங்கவில்லை. வெடிக்காது என்று தெரிந்த ஒன்றுக்கு இந்த உடம்பு இப்படிச் செய்கிறது, தன்னைக் கேட்காமல், ஒருத்தரையும் கேட்காமல். மானின் அந்தக் கால் அப்படித்தான் தொங்கியிருக்கிறது. உடைத்தது தான்தான். இரண்டு நாள் பற்றைக்குள் திரிந்து தேடினதும் தான்தான். திரும்பிப் பத்மராசாவைப் பார்த்தான். பத்மராசா மலையைப் பார்த்துக்கொண்டிருந்தான், அதில் ஏதோ இருக்கிற மாதிரி, கழுத்தை நன்றாகத் திருப்பி வைத்துக்கொண்டு, நான் ஒன்றையும் காணவில்லை என்று அந்தக் கழுத்தாலேயே சொல்லிக்கொண்டு.

சபேசன் எழும்பினான். 338-ஐத் திறந்து, கோதை எடுத்து மேசையில் வைத்தான். டேலைக் கைகாட்டிக் கூப்பிட்டு, ஏழு மில்லிமீற்றரை எடுக்கிறேன், கட்டி வை, என்று ஆங்கிலத்தில் சொன்னான். டேல் நல்ல தெரிவு என்றான். எல்லாருக்கும் அப்படித்தான் சொல்லுவான். பத்மராசாவின் முகம் மலையிலிருந்து இறங்கி, மெதுவாக மலரத் தொடங்கியது, ஏதோ சொல்ல வாயெடுத்தான். அந்த மலர்ச்சியைப் பார்க்கச் சபேசனால் முடியவில்லை.

“சின்னதை எடுக்கிறன் அண்ணை, நீங்கள் சொன்ன மாதிரியே. ஆனா கூட்டாளிக்கு உங்கட பேரைப் போடமாட்டன். என்னோட நீங்கள் வரவேண்டாம்.”

பத்மராசா கையிலிருந்த கோதுகளை ஒவ்வொன்றாகப் பெட்டிக்குள் போட்டு மூடினான். சரி என்று தலையாட்டினான். ஏன் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் சபேசனுக்குக் கத்துவதற்காவது ஒரு வழி கிடைத்திருக்கும்.